காலண்டர் பாத்தவருக்கு ஒரு விண்டோ

பிரவுசிங் சென்டர் வெச்சு நொந்துபோன என் இனமே, நம்ம தொழில்ல கம்ப்யூட்டருக்கு முன்னாடி ஹேங் ஆவறது நாமதானுங்க. தொண்ணூறுகளோட கடைசீல காந்திபுரத்துல நாலு கம்ப்யூட்டர் போட்டு உக்காந்திருந்தேன்.

அழுவற மூஞ்சி

காலேஜ் பையன் சேகரு ஒரே நேரத்துல மூணு புள்ளைங்களோட சாட் பண்ணுவான். படிக்க நேரமேது? 'அப்படீங்ளா, சூப்பருங்க'ன்னு ஒரே பதிலை மூணு விண்டோவுலயும் ஒட்டிட்டே போவான். ஒருநாள் ஒரு புள்ள, 'எங்க நாய் செத்துப்போச்சு'ன்னு சொல்லியிருக்குது. அதுக்கும் சூப்பரு போயிருச்சு. வேர்த்து ஊத்த ஓடியாந்தான்.

"ஏனுங்ணா, அழுவற மூஞ்சி எந்தக் கீயைத் தட்டுனா வருமுங்ணா?"

மூணாவது குரல்

டைப் தெரியாதவங்க சொல்லச் சொல்ல நாந்தான் அடிக்கோணும், தமிழை இங்கிலீஷ் எழுத்துல. ரெண்டு பேர் ஒண்ணா வந்தா ரெண்டு விண்டோ. மாறிப்போகாம இருக்க, அவங்கவங்க குரல்லயே முனகிட்டு அடிப்பேன். கருமத்தம்பட்டி தறிக்காரர் பம்பாயில இருக்கற நம்மூரு ஏஜென்ட்டுக்குச் சொல்றதை மூக்கால. அன்னூர் சரசக்கா அமெரிக்காவுல இருக்கற மகனுக்குச் சொல்றதை மெதுவா: 'கண்ணு, சாப்பிட்டியா?'

அக்கா ஊட்டுக்காரரும் கூட வருவார். மகன் தானாக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுல இருந்து பேச்சுவார்த்தை இல்லை. செவுத்துக் காலண்டரையே பாத்துட்டு உக்காந்திருப்பார். அன்னிக்குத் திடீர்னு அந்தக் காலண்டர்கிட்டயே, "அங்கெல்லாம் மழை கிழை உண்டுங்ளாமா?"ன்னார். அந்தக் குரலுக்கு என்கிட்ட விண்டோவே இல்லை. கை அதுபாட்டுக்குப் பம்பாய் விண்டோவுல அடிச்சுப்போட்டுது. 'செம மழைங்க, ரோடெல்லாம் தண்ணி'ன்னு பதில். சத்தமாப் படிச்சேன். மனுசன் மூஞ்சி தெளிஞ்சுது. தறிக்காரர் எட்டிப் பாத்தார்.

"ஏனுங்க, அது எங்க ஏஜென்ட்டு ஊட்டு மழைங்க."

மகன் கேட்டது

அந்த மழைக் கேள்வியையே மகன் விண்டோவுல அடிச்சேன். லைன் போச்சோன்னு மோடத்தைப் பாத்தேன், லைட்டு எரியுது. அக்கா முந்தானையை வாய்ல வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் பதில் வந்துச்சு: 'அம்மா, நீ மழையெல்லாம் கேக்க மாட்டியே. அப்பா வந்திருக்காங்களா?'

மகன் குரலை நான் கேட்டதில்லை. அப்பன் குரலையே கொஞ்சம் இளசாக்கிப் படிச்சுக் காட்டினேன். அவர் காலண்டரை விட்டுத் திரும்பினார்.

"நான் கேக்கலைன்னு போடுங்க. மழைக்குக் கொடை வாங்கிட்டானான்னு மட்டும் கேளுங்க."

அன்னியில இருந்து, கடையில எத்தனை கூட்டம் இருந்தாலும், காலண்டரைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவருக்குன்னு ஒரு விண்டோவைக் காலியாவே வெச்சிருந்தேனுங்க.