கவுக் என்றால் குயில்

கணுக்கால் நனைந்ததும் இஷ்பெல் கூர்லே கடலைத் திட்டத் தொடங்குவார். முழங்காலுக்கு ஒரு வசவு, இடுப்புக்கு இன்னும் மோசமான ஒன்று. கழுத்தளவு தண்ணீர் வந்ததும் கடலை விட்டுவிட்டு எங்களைப் பிடித்துக்கொள்வார். "வானம் ட்ரீக்கா இருக்கு" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும்.

"மூட்டம் போட்டா ட்ரீக்கா? மொதல்ல அதுக்கு இழுத்தடிக்கிறதுன்னுதான் அர்த்தம். முடியவே முடியாத பிரசங்கம் இருக்கு பாரு, அது ட்ரீக். அப்புறம்தான் நம்ம ஊர் மழையில வந்து ஒட்டிக்கிச்சு."

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் தினமும் காலையில் கடலில் இறங்கும் சிலரில் நானும் ஒருத்தி. இஷ்பெலுக்கு வயதானவர்களின் வீடு தேடிப்போய்க் கால் பார்க்கும் வேலை. நகம் வெட்டுவார், கால் ஆணி செதுக்குவார். வெந்நீரில் கால் வைத்தபடி அவர்கள் பேசுகிற பேச்சிலிருந்துதான் பழைய ஊர்ச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். "பாதத்தைக் கையில புடிச்சிட்டா எந்த மனுஷனும் பெரிய மனுஷன் மாதிரி பேச மாட்டான்" என்பார். தப்பான விளக்கம் மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று திருத்தியிருக்கிறார்.

அவரோடு மல்லுக்கு நிற்கவென்றே வாய்த்தவர் ஆர்ச்சி பிரிங்கிள். கறிக்கடையை மகளிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர். கடலில் இறங்க மாட்டார். பளபளக்கும் ஷூவோடு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஸ்காட்லாந்தில் புழங்குகிற எல்லாச் சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்தது என்பது அவர் கட்சி. "கறி வெக்கிற பெரிய தட்டு, ஆஷெட், அது பிரெஞ்சுதானே? அப்ப மத்ததும் பிரெஞ்சுதான்!" ஆஷெட் உண்மையிலேயே பிரெஞ்சு என்பதுதான் இஷ்பெலுக்கு எரிச்சல். போன மே மாதம், குழந்தையைக் குறிக்கும் 'பேர்ன்' கூட பிரெஞ்சு என்று ஆர்ச்சி சொல்லப்போக, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

அடுத்த வாரமே ஒரு நாள் ஹார் வந்தது. கடலிலிருந்து எழுந்து கண்ணை மறைக்கும் அந்தப் பனிமூட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கரையோரம் இருந்த நாங்கள் தட்டுத்தடுமாறி ஏறிவிட்டோம். இஷ்பெல் மிதவைக்கும் அப்பால் போயிருந்தார். எங்கள் கூட்டத்து ஊனா கடலோரக் காவலுக்குப் போன் செய்தாள். பக்கத்துத் துறைமுகத்திலிருந்து படகு வர நேரமாகும் என்றார்கள். அந்தக் குளிர்த் தண்ணீரில் அவ்வளவு நேரம் யாரும் தாங்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் சேர்ந்து "இஷ்பெல்! இஷ்பெல்!" என்று கத்தினோம். "இங்க!" என்று ஒரே ஒரு முறை கேட்டது. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. பிறகு அதுவும் இல்லை.

ஆர்ச்சி சுவரிலிருந்து குதித்தார். "எல்லாரும் வாயை மூடுங்க! வெறுமனே பேரைக் கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா." ஷூவோடு தண்ணீருக்குள் நடந்தார். தொண்டை கிழியக் கத்தினார்:

"இஷ்பெல்! முட்டாளை கவுக்னு சொல்றோமே, அது பிரெஞ்சு!"

பனி அசையவில்லை. பிறகு இடது பக்கம், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த திசைக்கு நேர் மாறாக, வெகுதூரத்திலிருந்து வந்தது:

"குயில்யா! கவுக்னா குயில்! நார்வேலேர்ந்து வைக்கிங்காரன் கொண்டாந்தது, மடையா!"

ஆர்ச்சி அந்தப் பக்கம் திரும்பி இடுப்பளவு இறங்கினார். "நண்டுக்குச் சொல்ற பார்ட்டன்! அதுவும் பிரெஞ்சு!"

"கேலிக் பாஷை!" குரல் கொஞ்சம் நெருங்கியிருந்தது.

"இந்த ஹார் கூட பிரெஞ்சுதான்!"

"டச்சு..." இது தேய்ந்து வந்தது.

"பேர்ன்!" என்றார் ஆர்ச்சி. பதிலில்லை. "பேர்ன் பிரெஞ்சுதானே, இஷ்பெல்?" ஊனா என் கையை நெரித்தாள். அலைச் சத்தம் மட்டும்தான்.

"இல்லைன்னு போன வாரமே சொன்னேனே."

கத்தவில்லை, பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. சிவப்புக் குல்லாய் ஒன்று பனிக்குள்ளிருந்து வெளிவந்தது. ஆர்ச்சி அதை நோக்கிப் பாய்ந்து, இரண்டு கைகளாலும் பற்றி இழுத்து வந்தார்.

படகுக்காரர்கள் வந்து பார்த்து, கம்பளி சுற்றி, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊனா அழுதுகொண்டே சிரித்தாள். "எங்க போயிட்டீங்க?"

"நேரா நார்வேக்குத்தான் போயிட்டிருந்தேன் போல. கவுக் வந்த வழி." பல் கிட்டியதில் பாதிச் சொல் உடைந்து விழுந்தது.

குளித்து ஏறியவரின் நடுக்கம் நிற்க ஏதாவது தின்னக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஊனா வெண்ணெய் பிஸ்கட் ஒன்றை இஷ்பெலின் கையில் வைத்தாள். இஷ்பெல் அதை வாயருகே கொண்டுபோனார். ஆர்ச்சி அப்போதும் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, வெற்றுக் கடலையே பார்த்து நின்றுகொண்டிருந்தார். இஷ்பெல் எழுந்து போய், நடுங்கும் விரல்களால் பிஸ்கட்டை அவர் வாயில் திணித்து, அவர் மென்று முடிக்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.