எழுபதும் ஒன்றேகால் லட்சமும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நுனியையும் தாண்டிவிட்டது.

ஒரு மூலக்கூறுக்குள் அணுக்கள் என்ன வேகத்தில் அதிர்கின்றன என்று குவாண்டம் வேதியியல்படி கணக்கிடும் புரோகிராம் ஒன்றை நானும் என் ஆய்வுத் தோழியும் இரண்டு வருடமாகச் சொந்தமாக எழுதிவந்தோம். ஹைட்ரஜன் குளோரைடுக்கு மூவாயிரத்தை ஒட்டி ஓர் எண் வரவேண்டும். எங்களுக்கு எழுபது வந்தது. எங்கள் வழிகாட்டி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "திங்கட்கிழமை மீட்டிங்ல சரியா வரணும். வரலைன்னா இதை மூட்டை கட்டிட்டு, எல்லாரும் ஓட்டுற ரெடிமேட் சாஃப்ட்வேர்லயே நீங்களும் ஓட்டுங்க."

விடுமுறைக்கு நான் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். தோழிக்குச் சிவகிரி. முதல் பஸ்ஸைப் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிச் சண்டை போட்டோம். அவள் எழுதிய பகுதி தப்பு என்றேன் நான். நான் எழுதியதுதான் குப்பை என்றாள் அவள். ஆற்றல் சரியாக இருந்தது, பிணைப்பின் விறைப்பும் சரியாக இருந்தது. மிச்சமிருந்தது அணுக்களின் நிறை மட்டும்.

"ஹைட்ரஜன் ஒண்ணு, குளோரின் முப்பத்தஞ்சு. இதுல போய் என்னட்டி தப்பு வரும்?" என்றாள்.

வர வேண்டிய எண்ணை வந்த எண்ணால் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதிர்வு நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அதை வர்க்கப்படுத்தினேன். ஆயிரத்து எண்ணூற்று இருபத்து மூன்று. எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் எண் இது. அட்டவணையில் அணுக்களின் நிறை ஓர் அலகில் இருக்கும். எங்கள் கணக்கிலோ எலக்ட்ரானின் நிறைதான் ஒன்று. அதற்கு மாற்ற இந்த எண்ணால் பெருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை.

நாங்கள் இரண்டு தடவை பெருக்கியிருந்தோம். பாவம், அணுக்கள் அத்தனை பாரத்தோடு அசைய முடியாமல் அசைந்திருக்கின்றன.

"நீ மறந்துருவேன்னு நான் கணக்குக்குள்ள பெருக்கி வச்சேன்" என்றாள்.

"நீ மறந்துருவேன்னுதான் நான் அட்டவணையைப் படிக்கும்போதே பெருக்குனேன்."

காபி கொண்டுவந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு சினேகிதிமாரு ஏறுனா இதே கததான். முன்னால இவ ரெண்டு டிக்கெட் எடுப்பா, பின்னால அவ ரெண்டு டிக்கெட் எடுப்பா. வண்டி என்ன ரெண்டு தடவையா போவும்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒரு வரியை எடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். யாருடைய வரியை என்று மட்டும் இருவரும் பேசவில்லை.

காலையெல்லாம் அவளைத் திட்டியது மனசை உறுத்தியது. விட்டுக்கொடுப்போம் என்று என்னிடமிருந்த பிரதியில் என் வரியை எடுத்தேன். ஓட்டினேன், மூவாயிரம் வந்தது. இருவருக்கும் பொதுவில் வைத்திருக்கும் புரோகிராமில் அதைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேடம் திரையில் வந்தார். சிவகிரியிலிருந்து தோழியும் வந்தாள். பொதுப் புரோகிராமை எடுத்து, கொஞ்சம் பெருமையோடுதான் ஓட்டினேன். ஒன்றேகால் லட்சத்தையும் தாண்டி ஓர் எண் வந்து நின்றது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே போகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி," தோழியின் குரல் மெதுவாக வந்தது, "நீயும் எடுத்துட்டியா?"

அவளும் சிவகிரியில் உட்கார்ந்து எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள் பிரதியில் ஓட்டியபோது அவளுக்கும் மூவாயிரம்தான் வந்திருக்கிறது; அவளும் அதைப் பொதுவில் சேர்த்துவிட்டாள்.

மைக் திறந்திருப்பது தெரியாமல் அப்பா பின்னாலிருந்து சொன்னார்: "நேத்து ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்திய. இன்னைக்கு ரெண்டு பேருமே எடுக்கலியாக்கும்."

மேடத்துக்குக் கதையை விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யாராவது ஒருத்தர் டிக்கெட் எடுங்கம்மா" என்றார். என் வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். மூவாயிரம். "சரி, உங்க புரோகிராமே இருக்கட்டும்" என்றார். எழுந்து ஆடலாம் போலிருந்தது.

மத்தியானம் புரோகிராமைத் திறந்தேன். தோழி தன் பகுதியில், பழைய வரி இருந்த இடத்தில், கணினி படிக்காமல் தாண்டிப்போகும்படி எங்களுக்காக மட்டும் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்:

"அவ முன்னாலயே டிக்கெட் எடுத்துட்டா."