மூன்றாவது ஓலை

காதல் நாவல் என்றாலே எனக்கு ஆகாது. முதலில் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள், நடுவில் மழை பெய்யும், குடை ஒன்றுதான் இருக்கும், கடைசியில் தாலி. தமிழ் படிப்பிக்கிறவள் நான். இதையெல்லாம் வாசித்தால் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்த என்ன தகுதி இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் வாய் கிழியப் பேசுவேன்.

லுணுகலையில் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்துச் சின்ன டீச்சர்தான் அந்தப் புத்தகத்தை என் கையில் திணித்தாள். அட்டையில் பாதி முகம் தெரிய ஒரு பெண், பின்னால் ஒரு கார். இப்போது எல்லாரும் வாசிக்கிறார்களாம்.

"அக்கா, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன். அழாட்டி என்ர பேரை மாத்திறன்."

"நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பேப்பர் திருத்துறதுக்கே நேரம் இல்ல."

சொன்னேனே தவிர, புத்தகம் பைக்குள் போய்விட்டது. பதுளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள் நான். ஒரு நாள் திரும்பும்போது ரோட்டில் மரம் விழுந்து, பசறைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தேன்.

நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. சென்னையில் கம்பெனி நடத்துகிற ஒரு கோபக்காரன், அவனிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு வாயாடி. அவனுக்கு விபத்து நடந்தபோதுகூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிழைத்துவிடுவான் என்று தெரியாதா என்ன!

பிறகு அந்தப் பக்கம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். மண்டப வாசலில் இரண்டு பேருடைய பேரையும் பூவால் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் தனியாக வெளியே வந்து, பலகையின் முன்னால் நின்று, தன் பேரையும் அவன் பேரையும் சேர்த்து வாய்விட்டு ஒரு தடவை வாசிக்கிறாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்து சீட்டிலிருந்த ஒரு அம்மா, "என்னாங்க டீச்சர், தலை சுத்துதா?" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசையில், எல்லாருக்கும் கேட்க, இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் பேர் சொல்லி அறிவிப்பார். எனக்கும் ஒரு காலத்தில் வாசித்தார்கள். மாப்பிள்ளை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசிய கொஞ்சத்தையும் நான் மறக்கவில்லை.

முதல் ஓலைக்கு வெட்கம். இரண்டாவதுக்குப் பெருமை. மூன்றாவது ஞாயிறு புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாரம் முழுக்க அடைமழை. சாமியார் அவர் பேரை வாசித்து, என் பேரை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

தடை இருந்தது. சொல்ல வேண்டியவர் இன்னும் மலையில்தான் இருந்தார்.

மத்தியானம் வீட்டில் கோழிக்கறி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய சித்தப்பா வந்து நின்றார், முழங்கால் வரைக்கும் சேறு. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க வாங்க, நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. கையக் கழுவுங்க, சாப்பிடலாம்."

அவர் கை கழுவப் போகவில்லை. நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வயிற்றுவலி. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால், ஏற்றிக்கொண்டு போன கொழுந்து லொறி பாதி வழியில் திரும்பிவிட்டது. தோட்டம் முழுக்க மருந்து கொடுத்தவருக்கு ஒரு ஊசி போட ஆள் இல்லை. சனிக்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது. தோட்டத்து ஆபீஸ் போனும் மழையில் செத்துக் கிடந்தது, சனிக்கிழமை முழுக்க யாராலும் மலையிறங்க முடியவில்லை. அந்த மழையில் உடலை வைத்திருக்க வழியில்லாமல், ஞாயிறு காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சித்தப்பா குழியில் மண் போடக்கூட நிற்காமல் எங்களிடம் புறப்பட்டிருக்கிறார். பாதி தூரம் நடை.

அங்கே உபதேசியார் அடக்க ஜெபத்தில் அவர் பேரைச் சொன்ன நேரத்தில்தான், இங்கே சாமியார் அதே பேரோடு என் பேரைச் சேர்த்து வாசித்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வீட்டில் பிறகு யாரும் அவர் பேரை எடுக்கவில்லை, எனக்கு வலிக்கும் என்று. எடுக்காததுதான் வலித்தது.

வாசித்த ஓலையை இல்லையென்று திருப்பி வாசிக்கிற வழக்கம் எந்தக் கோவிலிலும் இல்லை. என் ஓலை அப்படியே நிற்கிறது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சின்ன டீச்சர் என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அழுதிட்டீங்கள் அக்கா! அவனுக்கு விபத்து நடந்த இடந்தானே?"

"இல்லம்மா. அந்தப் பேர்ப் பலகை இடம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா நீங்கள், அது சந்தோஷமான இடமெல்லோ?"

"ஆமாம்மா," என்றேன். "ரொம்பச் சந்தோஷமான இடந்தான்."