என் இடத்தில் சார் உட்கார்ந்த நாள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், மும்பை பவாய் ஏரியில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் விஷயத்தின் கனம் தெரியாது. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் தாராவிக்கு வந்து, பழைய எண்ணெய் டின்னுக்கு நசுங்கல் எடுக்கும் பட்டறையில் சுத்தியல் பிடித்தேன். இன்று அதே சந்தில் எனக்குச் சொந்தமாக மூன்று பட்டறை. டின், இரும்பு பேரல், நீல பிளாஸ்டிக் டிரம், எதுவானாலும் கழுவித் தட்டிப் புதுசு மாதிரி ஆக்கி அனுப்புவோம். அறுபத்து நான்கு வயதில் காலி பேரலை ஒற்றைக் கையால் தூக்கி டெம்போவில் வைத்தவன் நான். முப்பது வயதுப் பையன்கள் இரண்டு கை போட்டுத் தூக்குகிறார்கள். சும்மா சொல்லவில்லை, யாரும் வந்து பார்க்கலாம்.

அந்த டிரம் வழியாகத்தான் படகும் வந்தது. ஏரிக்கரையில் உள்ள துடுப்புப் படகு கிளப்பில் மிதக்கும் மேடைகள் போட நூற்றுச் சொச்சம் டிரம் கேட்டார்கள். நானே போய் நின்று கட்டிக் கொடுத்தேன். அங்கே பார்த்தால், ஆபீஸ் போகிற ஆண்களும் பெண்களும், ரிடையர் ஆனவர்களும் காலை ஐந்தரைக்கே வந்து, ஊசி மாதிரி நீளமான படகில் நாலு நாலு பேராக உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. எனக்கும் ஆசை வந்துவிட்டது. டாக்டர் வேறு சர்க்கரைக்கு நடக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று மெம்பர் ஆகிவிட்டேன். ஏரியில் முதலை உண்டு என்று போர்டு வைத்திருப்பார்கள். ஒரு வருடத்தில் நான் ஒரே ஒரு முதலையைத்தான் பார்த்தேன். அது என்னைப் பார்த்ததும் தண்ணீருக்குள் போய்விட்டது.

இந்தப் படகில் துடுப்புப் போடுகிற நாலு பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பின் நுனியில் ஐந்தாவதாக ஒருவர் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்து, சுக்கான் பிடித்து, குரல் கொடுப்பார். எங்கள் படகில் அது திலக் நகரிலிருந்து வரும் ஒரு நர்ஸ் பெண். காலி பேரல் கணக்கில் எடை இரண்டு, இரண்டரை பேரல்தான் இருப்பாள். படகில் அவள் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்தியே காலம் தள்ளிய எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். நாலு இடத்தில் மூன்றாவது இடம் என்னுடையது. பலசாலிக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். கரையில் ஒரு மிஷின் இருக்கிறது, நாம் இழுக்கிற பலத்தை அது எண்ணாகக் காட்டும். அதில் என் எண்ணை எங்கள் வயதுக்காரர் யாரும் தொட்டதில்லை.

ஜனவரியில் கிளப்புகளுக்குள் போட்டி. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி ரேஸ். நான் சும்மா இருப்பேனா? எங்கள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன். மினி பஸ் பேசியாயிற்று. பட்டறைப் பையன்கள், சொந்தக்காரர்கள், எதிர்த்த டீக்கடைக்காரர் என்று நாற்பது பேர். என் மச்சினன் ஒரு படி மேலே போய், துடுப்போடு நான் நிற்கும் போட்டோவைப் போட்டு பத்தடிக்கு பேனர் அடித்துவிட்டான். ‘அலைகடல் சிங்கமே! தாராவியின் தங்கமே!’

“அது ஏரிதானலே?” என்று கேட்டேன்.

“ஏரிச் சிங்கம்னு போட்டா நல்லாவா இருக்கும் அத்தான்?” என்றான். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலையில் கோச் ஒரு சோதனை வைத்தார். கோச் ஒரு மராத்திப் பெண். இரண்டு படகைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவார். பிறகு இரண்டிலிருந்தும் ஒரே ஒரு ஆளை மாற்றி உட்கார வைத்து, அதே தூரத்தை மறுபடி ஓட விடுவார். எந்த ஆள் ஏறினால் படகு வேகமாகப் போகிறது என்று தெரிந்துவிடும். என்னோடு மாற்றியது, மாட்டுங்காவில் இருந்து வரும், நாங்கள் ‘சார்’ என்று கூப்பிடுகிற ஒருவரை. பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மணிக்கட்டைப் பார்த்தால் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

முதல் ஓட்டத்தில் என் படகு அரைப் படகு நீளம் பின்தங்கியது. ஆள் மாற்றினார்கள். இப்போது சார் ஏறிய என் பழைய படகு முன்னால் போனது. நான் போய் ஏறிய படகு பின்னால். துடுப்பு சரியில்லை என்றேன். துடுப்பை மாற்றிக் கொடுத்தார்கள். காற்று திரும்பிவிட்டது என்றேன். காற்று அடங்கும்வரை காத்திருந்து மூன்றாவது தடவையும் ஓட்டினார்கள். அதேதான்.

“அங்கிள், தாகத் தோ பஹுத் ஹை. பர் ஆப் சுன்தே நஹி” என்றார் கோச். பலம் நிறைய இருக்கிறது, நீங்கள் காது கொடுப்பதில்லை என்று அர்த்தம். என் இடம் சாருக்குப் போய்விட்டது.

எவ்வளவு பெரிய ஆளானாலும் படகைக் கழுவித் துடைத்து வைக்காமல் டீ குடிக்கப் போகக் கூடாது என்பது எங்கள் கிளப் வழக்கம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடைத்தேன். நர்ஸ் பெண் பக்கத்தில் வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. நாலு துடுப்பும் ஒண்ணா விழணும். உங்களுது கண் இமைக்கற நேரம் முன்னாடி விழுது. அதோட நீங்க இழுக்கற இழுப்புல போட் ஒரு பக்கமாத் திரும்புது. நான் சுக்கானைப் போட்டு நேராக்கிக்கிட்டே இருக்கேன். சுக்கான் போட்டா பிரேக் போட்ட மாதிரி.”

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“தினமும் சொல்றேன். ‘மூணு, பொறுங்க, மூணு, பொறுங்க’ன்னு. மூணுன்னா யாரு மாமா?”

நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

எனக்கு இடம் போனதைவிட பேனர்தான் கண்ணில் நின்றது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. மாட்டுங்காவில் காபி சாப்பிடலாம் என்று சாரைக் கூப்பிட்டு, இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இடத்தை விட்டுக் கொடுக்கும்படி கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “எடுத்துக்கோங்கோ அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு? உங்களைப் பாக்க நாப்பது பேர் வரா. என்னைப் பாக்க யார் வரப்போறா? பொண்ணு புனேல இருக்கா, அவளுக்கு ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ். கோச்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்கோ.”

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு காபியில் சக்கரை கம்மி என்கிற மாதிரி சொன்னார். அது முள்ளாகக் குத்திவிட்டது. பேரம் பேசி ஜெயித்தே மேலே வந்தவன் நான். ஆனால் அன்றைக்கு ஜெயித்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர முடியவில்லை. சயான் ஸ்டேஷன் வருவதற்குள் போன் போட்டு, “நீங்களே உக்காருங்க சார்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மச்சினன் மேளக்காரர்களுக்கும் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிகிற கரையில் பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. அப்போது கோச், புறப்படும் இடத்துக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டார். அரைக் கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் நடுவில் ஒரு மிதவை மேடை. அதில் குப்புறப் படுத்து, படகின் பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொடி விழுந்ததும் விட வேண்டும். யாரும் பார்க்காத வேலை, யாரும் கேட்காத வேலை. ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று நான் கையைத் தூக்கினேன்.

மோட்டார் படகில் கொண்டுபோய் விட்டார்கள். பார்த்தால், மேடைக்கு அடியில் இருப்பவை என் டிரம்கள். நான் கட்டிய டிரம்மின் மேலே நானே குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

எங்கள் படகு பின்னோக்கி வந்து என் கைக்குள் நின்றது. நர்ஸ் பெண்ணின் முதுகு ஒரு கை தூரத்தில் இருந்தது. “மாமா, கொஞ்சம் இழுங்க. போதும். அப்படியே வைங்க” என்றாள். முதல் தடவையிலேயே கேட்டேன். அவளுக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருடமாக எனக்கு முன்னால் இருப்பவரின் பிடரியை மட்டுமே பார்த்து வந்தவன் நான். முகங்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள், ஒன்றாக விட்டார்கள். நானும் அதே மாதிரி மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கை நமநமவென்றது. ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஒரு முழம் முன்னால் போகும். தள்ளினால் தப்பு, ஒரு இமைப்பொழுது தாமதமாக விட்டாலும் படகு போச்சு. கொடி விழுந்தது. நான் விட்டேன். வெறுமனே விட்டேன். நாலு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. அந்த நாலு முகமும் என்னைப் பார்த்தபடியே சின்னதாகிக்கொண்டே போயின.

யார் ஜெயித்தார்கள் என்று அங்கிருந்து தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேலே எங்கள் ஆட்களின் மேளம் கேட்டது.

இரண்டாவதாக வந்திருந்தார்கள். எங்கள் கிளப் அதுவரை கடைசி இடத்தைத் தாண்டியதே இல்லை. தொப்பி போட்ட தலைகளைத் தூரத்தில் பார்த்து, மூன்றாவதாக இருப்பது நான்தான் என்று நாற்பது பேரும் ஆடித் தீர்த்திருக்கிறார்கள். கரை சேர்ந்து சார் இறங்கியதும்தான் மேளம் நின்றது. நான் மோட்டார் படகில் வந்து இறங்கும்போது சார் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“அண்ணாச்சிக்கு முதுகுல பிடிச்சுண்டுடுத்து. அதான் கடைசி நேரத்துல என்னை உக்காரச் சொன்னார்.”

எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். என் மனைவி வந்து முதுகைத் தொட்டாள். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அழகாக முடிந்திருக்கும். ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

“எனக்கு முதுகும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல” என்றேன் பட்டறைக் குரலில். “நான் உக்காந்தா படகு தேங்குது. சார் உக்காந்தா பறக்குது. மூணு தடவ ஓட்டிப் பாத்தாச்சு. சாரைத் தூக்குங்கலே!”

என் மனைவிதான் முதலில் பேசினாள். “ஏரித் தண்ணி ஏதும் குடிச்சிட்டியளா?”

மேளம் மறுபடி கிளம்பியது. காலி டின்னைத் தூக்குவது மாதிரி பையன்கள் சாரைத் தூக்கிவிட்டார்கள். “ஐயோ, விடுங்கோ, கண்ணாடி, கண்ணாடி!” என்று கத்திக்கொண்டே அவர் அந்தப் பேனருக்கு அடியில் போனார். மச்சினன் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று புனேவுக்கு அனுப்பினார்.

போன வருடம் எனக்குப் படகில் இடம் கிடைத்தது. இரண்டாவது இடம். எனக்கு முன்னால் சாரின் பிடரி. பேனர் இப்போது மழைக்குப் பட்டறைக் கூரைமேல் கிடக்கிறது. பட்டறையில் ஒரு பையன் என்னைவிட நன்றாக நசுங்கல் எடுக்கும்போது, சுத்தியலைப் பிடுங்கச் சொல்லிக் கை இன்றும் நமநமக்கிறது. அப்போதெல்லாம் தண்ணீரில் தூரமாகிப் போன அந்த நாலு முகங்களை நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், பிடித்ததைச் சரியான நேரத்தில் விடுவதிலும் இந்தத் தாராவியில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று.