நெஞ்சில் இரண்டு தட்டு

துணி உரசும் சத்தம்தான் என் சின்ன வயதின் சத்தம். காதுக்கருவி என்றால் அந்தக் காலத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஓர் உலோகப் பெட்டி. அதை அம்மா சீட்டித் துணியில் தைத்த பைக்குள் போட்டு, நெஞ்சின் நடுவே ஊக்கு குத்தித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு வயரைக் காதுக்கு இழுத்துவிடுவாள். மூச்சு விட்டால் போதும், சட்டை அந்தப் பையில் உரசி, அப்பா வேலை பார்த்த தி. நகர் ஜவுளிக்கடையில் காடாத்துணி கிழிப்பதுபோலத் தலைக்குள் ஏதோ கிழியும். மனிதர்கள் அந்தச் சத்தத்துக்கு அப்பால் எங்கோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் அதற்குள் நான் வீட்டின் திருநெல்வேலிப் பேச்சைப் பேசப் பழகியிருந்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டு மாடியில், காது கேளாத பிள்ளைகளுக்கென்று நடந்த சின்னப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். விசாலம் டீச்சர் எங்களைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, எங்கள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுவார். 'ப' சொன்னால் வாய்க்கு எதிரே பிடித்த காகிதத் துண்டு ஆட வேண்டும், 'ம' சொன்னால் ஆடக் கூடாது. அங்கே இருந்த ஒரே சட்டம் "கையைக் கட்டு, வாயைத் திற" என்பதுதான். கையால் பேசும் பிள்ளைக்கு வாயால் பேச வராது என்று அவர்கள் உறுதியாக நம்பியதால், விரல் அசைந்தால் ஸ்கேல் பேசும். எங்களைப் பேசவைத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் அடித்தார்கள் என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன பயன், கோபம் போகவில்லை.

இடைவேளையில் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஆசை தீரக் கையால் பேசிக்கொள்வோம். வீட்டில் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது என்பதால் எல்லோருக்கும் கையிலேயே ஒரு பெயர் உண்டு. என் பெயர் நெஞ்சில் இரண்டு தட்டு. பெட்டி வேலை செய்கிறதா என்று நான் ஓயாமல் தட்டிப் பார்ப்பதைக் கவனித்து மும்தாஜ் வைத்த பெயர் அது. ராயப்பேட்டையில் ஜரிகை வேலை செய்தவரின் மகள் அவள், பிறவியிலேயே கேட்காது. வீட்டில் உருது பேசும் உதடுகளையும் பள்ளியில் தமிழ் பேசும் உதடுகளையும் படித்துப் படித்து அலுத்துப்போனவள், தொட்டிக்குப் பின்னால் வந்தால் ஓயவே மாட்டாள். உதட்டோரம் அவளுக்கு ஒரு மச்சம். அந்த இடத்தில் விரலை வைத்தால் அதுதான் அவள் பெயர்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு இருந்தது. மாடியில் மரத்தளம். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் காலால் இரண்டு முறை உதைப்போம்; அதிர்வு பாதத்தில் ஏறியதும் அவர்கள் திரும்புவார்கள், டீச்சர் உட்பட.

எனக்குப் பத்து வயதானபோது விசாலம் டீச்சர் அப்பாவை வரவழைத்தார். "இவ நன்னாப் பேசறா. இங்கயே வெச்சுண்டிருந்தா பாவம். சாதாரண ஸ்கூல்ல போட்டுடுங்கோ" என்று அவர் சொன்னதை வாசலில் நின்று நானும் மும்தாஜும் உதட்டிலிருந்து படித்தோம். அதே நாளில் மும்தாஜின் அப்பாவும் வந்து, தன் மகளையும் அப்படிச் சேர்க்கலாமா என்று கேட்டார். அவருக்கு டீச்சர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். அதைப் படிக்க உதடு தேவைப்படவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் எனக்கு ஒரே ஒரு சொல்லில்தான் பயிற்சி. காதில் விழாததற்கெல்லாம் முழித்துக்கொண்டு நிற்காதே, பளிச்சென்று "தெரியாது" என்று சொல்லிவிடு, ஊமை என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்றார் டீச்சர். எங்கேயும் போகப்போகாத மும்தாஜும் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து "தெரியாது, தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் துணையாம்.

தி. நகர்ப் பள்ளியின் தலைமையாசிரியை காலாண்டுப் பரீட்சை வரைக்கும் வைத்துப் பார்ப்பதாகவும், மற்றப் பெண்களுக்கு இடைஞ்சல் என்றால் நிறுத்திவிடுவதாகவும் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் அப்பா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, நான் படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "கைய ஆட்டாத ஏட்டி. பாக்கவங்க ஊமைன்னு நெனச்சிருவாவ."

அங்கே சட்டம் "கையைக் கட்டு, வாயைப் பொத்து". வகுப்பில் அறுபது பெண்கள். அறுபது பேரின் இரைச்சலையும் பெஞ்சு இழுபடுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பெட்டி என் காதில் கொட்டும். டீச்சர்கள் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார்கள். முதுகில் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் வாரம் கணக்கு டீச்சர் பலகையில் எழுதியபடியே ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தோள் அசைவதிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. முகத்தைத் திருப்பினால் போதும், புரிந்துகொள்வேன். பழக்கதோஷம், காலால் தரையை இரண்டு முறை உதைத்தேன். அது மரத்தளமில்லை, கடப்பைக்கல். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் வந்து, "மாடு மாதிரி உதைக்கிற. அவ்வளவு திமிரா?" என்று கேட்டார். படித்துவிட்டேன், ஆனால் பயத்தில் என் வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான். பளிச்சென்று "தெரியாது" என்றேன்.

மறுநாள் அப்பா வந்து, கடையில் வாடிக்கையாளர் முன் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார். இன்னொரு புகார் வந்தால் டி.சி. கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். வாசலில் ஆயா மட்டும் அப்பாவிடம், "பொண்ணு நல்லாத்தான் கீதுபா. அந்தம்மாதான் இன்னான்னு கேக்காம கத்திச்சு" என்றாள். வழியெல்லாம் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து, இனி கையும் காலும் எனக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

காலாண்டுப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. விளையாட்டுக்காக எங்களை வரிசையாகப் பாண்டி பஜார் வழியே பூங்காவுக்கு அழைத்துப்போனார்கள். என் பக்கத்தில் கணக்கு டீச்சர். எதிர்ச்சாரியில் மும்தாஜ் தன் அப்பாவோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, நடைபாதையைக் காலால் உதைத்து, நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்க்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஓடி வந்து, தொட்டிக்குப் பின்னால் செய்வதுபோல என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மறுபடியும் தட்டினாள்.

டீச்சர் குனிந்து, "யாரு இது? உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு சொல்லை நான் உச்சரித்ததில்லை.

மும்தாஜுக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த தமிழ்ச் சொல் அது. என்னோடு உட்கார்ந்து கற்றதுதானே. நம்பாமல், விரலைத் தன் உதட்டோர மச்சத்தில் வைத்து, நான்தான் என்று காட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை "தெரியாது" என்றேன். அவள் கையைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். டீச்சர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் தேறினேன், பள்ளியிலும் நிலைத்தேன்.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் மனசு கேட்காமல் மயிலாப்பூருக்குப் போனேன். மும்தாஜைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், குடும்பம் ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டது என்றார் விசாலம் டீச்சர். "என்ன ஆச்சுன்னே தெரியலை. ஒருநாள் கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தா. அப்பறம் வாயைத் திறக்கவே மாட்டேன்னுட்டா" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை.

படித்தேன், தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். நெஞ்சுப் பெட்டி போய், இப்போது காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, துணி கிழிவதில்லை. மயிலாப்பூர் மாடிவீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. தொட்டிக்குப் பின்னால் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட என் கையில் மிஞ்சவில்லை, என் பெயரைத் தவிர.

போன மாதம் பஸ்ஸில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தப் பயமும் இல்லாமல் கையால் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கம்பியைப் பிடித்து நின்ற நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, ஐம்பது வருடம் கழித்து, நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினேன். அவள் பதறி எழுந்து, என் முழங்கையைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லக் கையில் வார்த்தை இல்லாமல், வாங்கிக் குடித்தேன்.