ஆத்தப்பன் பேர் எழுதிய பனியன்

மருதாளுக்கு அந்தப் பொட்டலில் ஒரே ஒரு காரியந்தான். புருஷன் பேர் அங்கே தொங்கக் கூடாது. அதை ஒரு தடவை கண்ணால் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

தொண்ணூற்றேழாம் வருஷம், சுதந்திரப் பொன்விழா. சண்டையில் செத்த இந்தப் பக்கத்து ஆட்களின் பேரை ஆளுக்கொரு வெள்ளைப் பனியனில் எழுதி, வீரபாண்டிக்குப் பக்கத்துப் பொட்டலில் கம்பம் நட்டுக் கயிறு கட்டி, நானூறு பனியனைத் தொங்கவிட்டிருந்தார்கள். கலைக் காட்சியாம். திருப்பூர்க்காரனுக்கே பனியனைக் காட்டுகிறார்களா என்று அவள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் ஒரே சிரிப்பு. மருதாள் சிரிக்கவில்லை.

ஆத்தப்பன் பட்டாளத்துக்குப் போனது கல்யாணமான மறுவருஷம். எழுபத்தொன்றில் சண்டை முடிந்ததும் தந்தி வந்தது: ஆளைக் காணவில்லை. செத்துப்போனார் என்று ஒரு பயலும் சொல்லவில்லையே! தாலியைக் கழற்றச் சொன்ன மாமியாரிடம், "அவுரு வந்து கேட்டா நீங்க பதில் சொல்றீங்களா?" என்று கேட்டவள்தான். ஆச்சு, இருபத்தாறு வருஷம். விசேஷ வீடுகளில் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்து முணுமுணுத்த வாய்கள் கொஞ்சநஞ்சமா? அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள்.

காட்சியை அமைத்த ஓவிய வாத்தியார் ஞானசம்பந்தம் நுழைகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பேரைச் சொல்லுங்கம்மா, எந்த வரிசைன்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

"ஏனுங்க, ஊட்டுக்காரர் பேரை நான் எப்படிங்க சொல்றது? நானே பாத்துக்கறனுங்க."

பத்தொன்பது வருஷமாகத் தைத்த பனியனில் குறை தேடுகிற செக்கிங் மேஜையில் நிற்கிற கை. ஒவ்வொரு பனியனாகப் பிடித்து, பேரை எழுத்துக்கூட்டிப் படித்து, விட்டுவிட்டுப் போனாள். நடுவில் ஒன்றில் தையல் பிரிந்திருந்ததற்கு வாய்க்குள்ளேயே யாரையோ திட்டினாள். ஏழாவது வரிசையில் இருந்தது. ஆத்தப்பன், ஊர்ப் பேரோடு.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! அவள் போட்ட சத்தத்தில் வாத்தியார் ஓடிவந்தார்.

"இதைக் கழட்டுங்க. அவுரு செத்தாருன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"லிஸ்ட்டுல இருந்துதும்மா. அவர் உயிரோட இருக்காருங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாதுங்களே!"

வாத்தியார் நல்ல மனுஷன். பனியனைக் கயிற்றிலிருந்து எடுத்து, மடித்து, "நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று அவளிடம் கொடுத்தார்.

மருதாள் வாங்கிக் கழுத்துப்பட்டியைத் திருப்பி அளவைப் பார்த்தாள். எண்பத்தைந்து. திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"இது பத்தாதுங்க. அவுருக்கு இப்ப நாப்பத்தெட்டு வயசாச்சு. தொண்ணூத்தஞ்சு இருந்தாத்தானுங்க சரியா இருக்கும்."