வண்டியைத் தொடுமுன் ஆறு காகிதம்

மோட்டார் ஓட்டப் பழகக் கையும் காலும் கண்ணும் போதும் என்று நினைத்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், காய்கறிச் சந்தைக்குப் போகிற சந்தில் எங்கள் மோட்டார் பள்ளி. முதலாளி ஒருவர், வண்டி பழக்கும் கேசவன் ஆசான், இருமிக்கொண்டே ஓடும் பழைய கார் ஒன்று, குமாஸ்தாவாக நான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் வேலையில் சேர்ந்தேன். வயதுக்கு ஒரு சான்று, குடியிருப்புக்கு ஒன்று, கண்ணும் உடம்பும் சரி என்று டாக்டர் தருவது ஒன்று, நல்லவன் என்று யாராவது பெரிய மனிதர் எழுதித் தருவது ஒன்று, போட்டோ, நாங்கள் அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்ததால் மலையாளத்தில் அச்சடித்த பாரம். இந்த ஆறும் மேலாபீசுக்குப் போய் அனுமதி வந்த பிறகுதான் ஸ்டீரிங்கில் கை வைக்கலாம். சர்க்கார் கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்று, "நாளைக்கு வா" என்ற பதிலோடு வீடு திரும்பிய அன்பர்களே, நீங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் சுகமில்லை.

வீட்டுப்பேர்

செல்லையன் திருவட்டாறு பக்கத்துக்காரன். நாலு வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவன். "லைசென்ஸ் எடுத்திட்டு வா, உன்னையே டிரைவராப் போடுதேன்" என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். பாரத்தில் 'வீட்டுப்பேர்' என்று ஒரு கட்டம் உண்டு. மேற்கே வசதியுள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருக்கும். செல்லையனோ ஒரு பெரிய வீட்டுக்காரரின் தென்னந்தோப்பு மூலையில் ஓலைக்குடிசை போட்டு, பெண்டாட்டி, கைக்குழந்தையோடு இருந்தவன். குடிசைக்கு யார் பேர் வைப்பார்கள்? கட்டம் காலியாகப் போனால் பாரம் திரும்பி வரும். "அந்தத் தோப்புக்கு என்ன பேருடே?" என்று கேட்டு, அதையே எழுதிவிட்டேன். இதே பேரைப் போட்டுக் குடியிருப்புச் சான்று வாங்கி வா என்று கிராமக் கணக்குப் பார்க்கும் பகுதிக் கச்சேரிக்கும் அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

கச்சேரி அதிகாரி தோப்புக்காரருக்கே ஆளனுப்பி விசாரித்தார். "இண்ணைக்கு எனக்க தோப்புப் பேரைக் காகிதத்துல எழுதுகவன், நாளைக்குத் தோப்பே எனக்கதுன்னு வருவான்" என்றாராம் அவர். மறுநாள் காலையில் ஆள் வைத்துக் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

எட்டாம் நாள் செல்லையன் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவன் சத்தம்கூடப் போடவில்லை. பெண்டாட்டியையும் பிள்ளையையும் அவள் அம்மை வீட்டில் விட்டிருக்கிறானாம். பாரத்தை என் மேஜையில் விரித்து, நான் எழுதிய கட்டத்தில் விரலை வைத்தான். "இந்த எடத்த அழிச்சிரும் சாரே. வீடு இல்லைன்னு எழுதும், இப்ப அதுதான் சத்தியம்."

ராக்கியும் ஆரோக்கியமும்

ஆரோக்கியம் குளச்சல்காரர். யுத்தத்தில் பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டியவர். இடது கை முழங்கைக்கு மேலே வரைக்கும் தீயில் வெந்த தழும்பு. ஒரு பஸ் கம்பெனியில் அவருக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். லைசென்ஸ் மட்டும் வேண்டும். பட்டாளத்துப் புத்தகம் கையில் இருக்கும்போது நீர் பழகவே வேண்டாம், நேரே பரீட்சைக்குப் போகலாம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தா, தன் காதில் விழுந்தபடி 'ராக்கி' என்று எழுதி வைத்திருந்தான். ஞானஸ்நான ஏட்டில் இருந்தது ஆரோக்கியம். மேலாபீஸ் பதில் எழுதியது: லாரி ஓட்டத் தெரிந்தவர் ராக்கி, விண்ணப்பம் போட்டவர் ஆரோக்கியம், ஆகவே ஆரோக்கியம் முதலிலிருந்து பழகட்டும்.

மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் மனுஷன் புதிதாகப் பழகுகிறவராகவே வந்து சேர்ந்தார். கேசவன் ஆசான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதாக்கும் பிரேக்கு" என்று காட்டிக் கொடுத்தார். சொல்லும்போது ஆசான் தலை குனிந்திருந்தது. எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்த சமயம், பஸ் கம்பெனியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஆரோக்கியம் என் ஜன்னலுக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தழும்பை நீட்டினார். "இது ராக்கிக்கு வெந்ததா, ஆரோக்கியத்துக்கு வெந்ததான்னு அவனுவகிட்ட ஒருக்க எழுதிக் கேளும்வேய்."

ஆண் கையெழுத்து

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம். ஞானம்மாள் பிரசவம் பார்க்கிற நர்ஸ். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு டாக்டரம்மா தன் பழைய காரை அவரிடம் விட்டுப் போயிருந்தார். முந்தின மழைக்காலத்தில், இவர் மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் ஒரு தாயும் பிள்ளையும் இறந்துவிட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காக நாற்பது வயதில் வண்டி பழக வந்தார். அவர் கொண்டுவந்த அளவு சுத்தமான காகிதங்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு புள்ளி குறையில்லை.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "பொம்பள ஓட்டி எங்கயாவது கொண்டு முட்டினா நம்ம பேருதான் கெடும். அப்பனோ மாப்பிள்ளையோ கையெழுத்துப் போடணும்னு சொல்லி விடும்." அப்படி ஒரு சட்டம் கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அப்பா இறந்துவிட்டார், கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் இலங்கையில் என்றார். பிறகு பாரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, "இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். "வழக்கம் அப்படி" என்றேன். காகிதங்களை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது நின்று சொன்னார்: "உமக்க மூத்த பிள்ளை வயித்துல குறுக்கே கிடந்த அண்ணைக்கு எனக்க கையை மட்டும்தான் நம்பினீரு, யாருக்க கையெழுத்தும் கேக்கல்லியே."

புது ராஜ்யம், புதுப் பாரம்

ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. வடசேரிச் சந்தையில் மிட்டாய் கொடுத்தார்கள். இனி ஒவ்வொருவனுக்கும் பாரத்தைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டாமே என்று நானும் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில், அனுப்பியிருந்த விண்ணப்பங்கள் எல்லாம் கட்டாகத் திரும்பி வந்தன. மலையாளப் பாரம் செல்லாது, புதுப் பாரத்தில் எழுதி, சான்றுகளும் புதிதாக வாங்க வேண்டும். புதுப் பாரம் இங்கிலீஷில் இருந்தது.

அந்தக் கட்டுக்குள் சுயம்புவின் விண்ணப்பமும் கிடந்தது. சந்தையில் மூட்டை சுமக்கிறவர். தமிழ்ப் பகுதி தமிழோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போய், லத்தியடியில் வலது கை ஒடிந்தவர். அதற்குப் பிறகு பழையபடி சுமக்க முடியாமல்தான் வண்டி பழக வந்தார். கை முழுதாக மடங்காது. ஆனால் ஸ்டீரிங்குக்கு அது போதும் என்று கேசவன் ஆசான் தன் காரிலேயே உட்காரவைத்துப் பார்த்துச் சொன்னார். பழைய டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். புதுச் சான்றுக்குப் போன இடத்தில் இருந்தவர் வேறு டாக்டர். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்துச் சொல்லும்படி சுயம்பு என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தமிழ் வேணும்னு கையை ஒடிச்சுக்கிட்டேன் சாரே. அந்தக் கை போதாதுன்னு இங்கிலீஷ்ல எழுதித் தந்திருக்கான்."

அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்கே போவதானாலும் நடந்துதான் போகிறேன், ஏனென்றால் நடப்பதற்கு இதுவரை யாரும் பாரம் அடிக்கவில்லை.